ஐடிலில் நின்றுபோகும் டீசல் பிக்அப்: எந்தச் செலவை முதலில் செய்வது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு உரமூட்டையும் மளிகையும் ஏற்றிப்போய், இறங்கும்போது காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிவரும் எங்கள் பிக்அப், சென்ற கோடையில் ஒரு நாள் மதியம், பர்லியாறுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் கிளட்ச்சை மிதித்த கணத்தில் நின்றுபோனது. ஸ்டியரிங் அப்படியே இறுகியது. பிரேக் மிதி இரண்டு முறை வழக்கம்போல் இறங்கியது. மூன்றாம் முறை கல்லை மிதித்தது போல் இருந்தது. டீசல் வண்டியில் பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடத்தை உண்டாக்கும் பம்பை இன்ஜின்தான் சுழற்றுகிறது. இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்கு மட்டுமே வரும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, மலையோரமாக வண்டியை நிறுத்திய பிறகுதான் கை நடுக்கம் நின்றது. ஆகவே, ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, வண்டி ஆஃப் ஆவதைச் சில்லறைத் தொல்லை என்று எண்ணி, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப்பிடித்துக்கொண்டே ஓட்டிச் சமாளிப்பதை நான் ஏற்பதில்லை. மலைப்பாதையில் ஓடும் வண்டியில் அது உயிரோடு சம்பந்தப்பட்ட பழுது.

வண்டி 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், காமன் ரெயில் இன்ஜின்; அதாவது டீசலை உயரழுத்தத்தில் ரெயில் என்னும் ஒரே பொதுக் குழாயில் தேக்கி எல்லா சிலிண்டருக்கும் பிரித்துத் தருவது. 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. நான்கு பேரிடம் கேட்டோம், நான்கு வழிகள் கிடைத்தன. ஒருவர் டீசல் ஃபில்டரை மாற்றச் சொன்னார். சில நூறு ரூபாயில் முடியும் வேலை. இன்னொருவர், புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைத்துவிடச் சொன்னார். மூன்றாமவர், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் செட்டாக மாற்றினால்தான் தீரும் என்றார். புதிதாக வாங்கினால் கூலியோடு அரை லட்சத்தைத் தாண்டும் என்பது அவர் கொடுத்த கணக்கு. நான்காமவர் வயரிங்கிலும் சென்சாரிலும்தான் கோளாறு என்று உறுதியாகச் சொன்னார். நான்கு பேருமே அனுபவமுள்ளவர்கள். ஏதோ ஒரு வண்டியில் அந்த வழி பலித்ததைக் கண்ணால் கண்டவர்கள். ஆனால் நம் வண்டிக்கு எந்த வழி என்பதைச் செலவின் அளவை வைத்தோ, சொன்னவரின் பெயரை வைத்தோ முடிவு செய்ய இயலாது. ஒவ்வொரு வழியையும் அதற்குரிய சோதனையோடு சேர்த்து ஒப்பிட்டால்தான் முடிவு தெளிவாகும் என்பதால், நாங்கள் பார்த்த வரிசையிலேயே அவற்றை எழுதுகிறேன்.

முதலில், ஏன் ஐடிலில் மட்டும்? நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வோர் இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 400 முறை டீசலைப் பீய்ச்சுகிறது. அவ்வளவு முறை பீய்ச்சியும் மணிக்கு ஒரு லிட்டர்கூடச் செலவாவதில்லை என்றால், ஒரு தடவைக்குப் போகும் டீசல் எவ்வளவு சிறிது என்று பார்த்துக்கொள்ளலாம். அதே சமயம் உயரழுத்த பம்பும் மெதுவாகச் சுழல்வதால், அது தள்ளும் டீசலும் அப்போதுதான் மிகக் குறைவு. ரெயிலில் சுமார் 250 முதல் 350 பார் அழுத்தம் நிற்க வேண்டும். எங்காவது டீசல் கசிந்து, டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் லைனில் திரும்பினால், 2,500 சுற்றில் பம்ப் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும்; 800 சுற்றில் ஈடுகட்ட அதனிடம் உபரி இருக்காது. எனவே கசிவு, காற்று நுழைவு, சிக்கிக்கொண்ட வால்வு ஆகிய மூன்றும் ஐடிலில்தான் முதலில் தலைகாட்டும்.

இதிலிருந்தே முதல் வழியின் பலவீனம் தெரிந்துவிடுகிறது. அடைபட்ட ஃபில்டர், டீசல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான், அதாவது பாரத்தோடு மேடேறும்போதுதான், இன்ஜினின் இழுவையைக் குறைக்கும். எங்கள் வண்டி முழுப் பாரத்தோடு குன்னூர் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் வழக்கம்போலவே இழுத்தது. கீழே இறங்கி நிற்கும்போதுதான் அணைந்தது. ஃபில்டரை மாற்றுவது தவறில்லை. கிலோமீட்டர் கணக்கு வந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஏற்றத்தில் குறையாத வண்டி ஐடிலில் அணைந்தால் ஃபில்டர் அடைப்பைக் குற்றவாளியாக்குவதற்கு ஆதாரம் குறைவு.

ஃபில்டரைச் சுற்றியுள்ள இணைப்புகள் வேறு விஷயம். டேங்கிலிருந்து பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் ஓரிங் என்னும் ரப்பர் வளையமோ, ஹோஸ் கிளிப்போ தளர்ந்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். கண்ணுக்கு ஈரமே தெரியாததால் பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு முழம் கண்ணாடிக் குழாயை, அதாவது தெளிந்த பிளாஸ்டிக் டியூபை, மாட்டிவிட்டு வண்டியை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் இதற்கான சோதனை. எங்கள் வண்டியில் மாட்டியபோது, இளமஞ்சள் டீசலில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரம் கோத்ததுபோல் போய்க்கொண்டிருந்தன. ஹேண்ட் பிரைமரை, அதாவது கையால் அழுத்தி டீசலேற்றும் பம்பை, விரலால் அழுத்தினால் சரம் அறுந்தது, விட்டால் மறுபடி தொடங்கியது. பிரைமரின் அடியிலிருந்த ஓரிங் காய்ந்து வெடித்திருந்தது. மாற்றிய பிறகு குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்த தொல்லையும் அன்றோடு தீர்ந்தது. ஆனால் சூடேறிய பிறகு ஐடிலில் அணைவது மட்டும் தீரவில்லை. ஒரு வண்டியில் இரண்டு பழுதுகள் ஒருசேர இருக்கலாம் என்பதை மறந்து, முதல் பழுது கிடைத்ததுமே பானெட்டை மூடியிருந்தால், மறுபடியும் அதே வளைவில் நின்றிருப்போம்.

வண்டி எப்படி அணைகிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்பதற்குச் செலவே இல்லை. சுவிட்ச்சைத் திருப்பியதுபோல் சட்டென்று அணைந்தால், மின்சாரப் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். இன்ஜினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார் சூட்டில் செயலிழந்தால் அப்படித்தான் நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். அப்போது செல்ஃப் அடிக்கும்போது சுற்றுமானியின் முள் அசையாமல் கிடந்தால் சந்தேகம் வலுப்படும். மாறாக, ஏறி இறங்கித் திணறி, உடம்பு நடுங்கி அணைந்தால் அது டீசல் பக்கம். கரும்புகையோடு மூச்சுமுட்டியதுபோல் அணைந்தால் காற்றுப் பக்கம், குறிப்பாக இ.ஜி.ஆர். இவை தீர்ப்புகள் அல்ல, திசைகாட்டிகள்தான். ஆனாலும் எந்தப் பட்டறைக்குப் போவது என்பதைத் தீர்மானிக்க இவ்வளவு போதும். எங்கள் வண்டி அணைந்தது திணறித்தான். அதனால் வயரிங் வழியில் நாங்கள் செய்தது பேட்டரி முனைகளையும் இன்ஜினுக்கு வரும் எர்த் பட்டையையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கியதோடு சரி.

இ.ஜி.ஆர். வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைகளில் மிக எளிதாகத் தரப்படும் யோசனை அதை அடைத்துவிடுவதுதான். புகையின் ஒரு பங்கை மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்பி, எரியும் வெப்பத்தைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாவதைக் கட்டுப்படுத்துவது அந்த வால்வின் வேலை. கரியும் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து தாரைப்போல் ஒட்டிக்கொண்டால் வால்வு மூடாமல் பாதி திறந்தபடியே நின்றுவிடும். ஐடிலில் உள்ளே போகும் காற்றே குறைவு, அதிலும் பாதி புகையானால் இன்ஜின் மூச்சுத்திணறும். சோதனைக்காக மட்டும், பத்து நிமிடம், தகடு வைத்து மூடிப் பார்ப்பது நியாயம்: ஐடில் உடனே சீரானால் பழுது அங்கேதான். ஆனால் அந்தத் தகட்டை அப்படியே விட்டுவிடுவது மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பை முடக்குவது. சட்டமும் அனுமதிக்காது, நம் ஊர்ச் சந்தையில் அந்தப் புகைக்குப் பின்னால் நின்று மூட்டை தூக்குபவரும் நம் ஆள்தான். கழற்றி, கார்பன் கிளீனரில் ஊறவைத்து, வால்வு தண்டு தடையின்றி முழுதாக மூடுகிறதா என்று பார்த்து, புது கேஸ்கெட்டோடு மாட்டினால் பெரும்பாலான வால்வுகளை மீட்டுவிடலாம். மின்மோட்டார் உள்ள வால்வானால் மோட்டார் பக்கத்தில் கிளீனர் இறங்கவிடக் கூடாது. மாட்டிய பின், வண்டியின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில் அதன் மூடுநிலையைப் பதியவைக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வண்டியில் தகடு வைத்த பிறகும் ஐடில் மாறவில்லை. எனவே தகட்டை எடுத்துவிட்டு, அந்த வழியைப் பட்டியலிலிருந்து நீக்கினோம்.

அடுத்து ஸ்கேனர். தொழிற்சாலை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம், டீசல் பம்ப் வேலை மட்டும் செய்யும் கடை, பழக்கமான மெக்கானிக் ஆகிய மூன்று இடங்களில் எங்கே போவது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. வாரண்டி மிச்சமிருந்தால் யோசிக்கவே வேண்டாம், சர்வீஸ் மையம்தான். வெளியே கைவைத்தால் வாரண்டியைக் காட்டிக் கேட்க முடியாமல் போகும். வாரண்டி முடிந்த வண்டிக்கு, குழாய் மாட்டிப் பார்ப்பது, ஓரிங் மாற்றுவது போன்றவற்றுக்குப் பழக்கமான மெக்கானிக்கே மேல். பொறுமையாகப் பார்ப்பார், நாமும் பக்கத்தில் நிற்கலாம். இன்ஜெக்டரைக் கழற்றும் நிலை வந்துவிட்டால் இன்ஜெக்டரை மாட்டி அளந்து பார்க்கும் பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் கடைதான் இடம். பழைய மெக்கானிக்குகள் இன்றும் மைக்கோ பம்ப், மைக்கோ நாசில் என்றே சொல்வார்கள். 1951இல் பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாறியும், கடைப்பேச்சில் பழைய பெயர் போகவில்லை.

ஸ்கேனர் போடும் இடம் எதுவானாலும், பழுதுக் குறியீட்டை மட்டும் படித்துவிட்டுப் பாகத்தை மாற்றச் சொல்பவரிடம் நான் அவசரப்பட மாட்டேன். ரெயில் அழுத்தம் குறைவு என்று குறியீடு வந்தால் அது விளைவைச் சொல்கிறதே தவிர காரணத்தைச் சொல்வதில்லை. நான் முதலில் போன ஒரு பட்டறையில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றினார்கள், பணம் போனது, பழுது போகவில்லை. பார்க்க வேண்டியது ஓடும்போது வரும் எண்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. கேட்கும் அழுத்தமும் உண்மையில் நிற்கும் அழுத்தமும் ஐடிலில் ஒட்டிப்போகின்றனவா? உண்மை அழுத்தம் ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஆடினால் காற்று நுழைவையோ, பம்பில் டீசலை அளந்துவிடும் மீட்டரிங் வால்வு சிக்குவதையோ பார்க்கலாம். வால்வு முழுதாகத் திறந்தும் அழுத்தம் எட்டாமல் கீழேயே நின்றால், டீசல் எங்கோ கசிகிறது, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. எங்கள் வண்டியில் குளிர்ந்த நிலையில் இரண்டு எண்களும் ஒட்டிப்போயின. சூடேறச் சூடேற வால்வு அகலத் திறந்துகொண்டே போயிற்று, ஒரு கட்டத்தில் அழுத்தம் சரிந்தது, வண்டி அணைந்தது. சூட்டில் டீசல் இளகுகிறது. இளகிய டீசல் தேய்ந்த இடைவெளியில் வேகமாகக் கசிகிறது. கசிவுதான் என்பது அங்கேயே பாதி தெளிவாகிவிட்டது.

மிச்சப் பாதியைத் தெளிவாக்கியது, என் அனுபவத்தில் இந்தப் பழுதுக்கு இருக்கும் சோதனைகளிலேயே செலவுக்கு மிஞ்சிய பயன் தரும் ஒன்று. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் இணைப்புகளையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் மெல்லிய குழாய் மாட்டி, ஒரே அளவுள்ள நான்கு தெளிந்த பாட்டில்களில் விட்டு, சூடான இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டார் டீசல் கடைக்காரர். முதலாவதிலும் நான்காவதிலும் டீசல் பாட்டிலின் அடியை மூடும் அளவுக்கு வந்தது. இரண்டாவதில் அதைவிடச் சற்று அதிகம். மூன்றாவதிலோ சொட்டாக இல்லாமல் நூலாகவே இறங்கி, மற்றவை விரற்கடை ஏறுவதற்குள் பாதி பாட்டிலை எட்டியது. அதைப் பார்த்த பிறகு எவரும் எங்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில், எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் இன்ஜினில் நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஐடிலிலேயே 300 பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே ஊசி குத்திய அளவு காயம்தான் தெரியும், உள்ளே சதை அழுகிக் கையை இழக்க நேரிடலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையென்றாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாட்டில் சோதனை செய்வது ரிட்டர்ன் பக்கத்தில், அங்கே அழுத்தம் குறைவு. உயரழுத்தப் பைப்பில் கைவைக்கவே தேவையில்லை.

பழுது மூன்றாம் இன்ஜெக்டரில் என்று தெரிந்த பிறகும் முடிவு ஒன்றல்ல. டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் முதல் வழி. நாசில் முனையில் படிந்த கரிக்கு அது ஓரளவு உதவலாம். தேய்ந்த வால்வு இருக்கையை எந்தத் திரவமும் வளர்க்காது. அல்ட்ராசோனிக் சுத்தமும் அப்படியே. ரிட்டர்ன் கசிவு தேய்மானத்தால் வருவது என்பதால் எங்களுக்கு இரண்டும் பொருந்தவில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய இன்ஜெக்டர் வாங்கிவரலாம் என்றார் ஒருவர். கதவு, பம்பர், கியர்பாக்ஸ் உறைக்கு அந்தச் சந்தை போல் வேறில்லை, ஆனால் சில மைக்ரான் இடைவெளியில் வேலை செய்யும் பாகத்தை அதன் தேய்மானம் தெரியாமல் வாங்குவது பழுதைப் பணம் கொடுத்து வாங்குவதாகும்.

எஞ்சியவை புதியதும் ரீகண்டிஷனும். புதியதில் நிச்சயம் உண்டு, வாரண்டி உண்டு, விலையும் உண்டு. வண்டி இன்னும் ஐந்தாறு ஆண்டு நம்மிடமே ஓடப்போகிறது, ஒரு நாள் நின்றாலும் சந்தை வியாபாரம் கெடும் என்றால், புதியதே என் தேர்வாக இருந்திருக்கும். ரீகண்டிஷன் என்பது நாசிலும் வால்வு செட்டும் புதிதாகப் போட்டு, பெஞ்சில் அளவு பார்த்துத் தருவது. செலவு ஏறக்குறையப் பாதியில் முடியும். ஆனால் அதன் தரம் முழுக்க முழுக்கக் கடையைப் பொறுத்தது. ஆகவே கடைக்காரரிடம் இரண்டு கேட்டேன்: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த பெஞ்ச் அறிக்கை, அதில் முழுப் பாரத்துக்கான அளவு மட்டுமல்லாமல் ஐடில் அளவும் ரிட்டர்ன் அளவும் தனித்தனியாக இருக்க வேண்டும், மாட்டிய பின் அந்த இன்ஜெக்டருக்குரிய அளவுக் குறியீட்டை இ.சி.யூ.வில் எழுதித்தர வேண்டும். இவை இரண்டையும் தயங்காமல் ஒப்புக்கொள்பவரிடம் ரீகண்டிஷன் தாராளமாகச் செய்யலாம். தயங்கினால் புதியதற்கே போய்விடுவது நல்லது. இன்ஜெக்டர் அடியிலுள்ள செம்பு வாஷரைப் பழையதையே திரும்பப் போடுகிறார்களா என்பதையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சிறு பொருள்தான், ஆனால் அது சரியாக அமராவிட்டால் சிலிண்டரில் எரிந்த வாயு மேலே ஊதி, அடுத்த முறை இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும்.

நான்கையும் செட்டாக மாற்றுவது பற்றி: நான்கும் ஒரே கிலோமீட்டர் ஓடியவை, ஒன்று போனால் மற்றவையும் பின்னால் வரும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்கையும் பெஞ்சில் ஏற்றிப் பார்க்கும் வசதி இருக்கும்போது ஊகத்துக்கு அரை லட்சம் கொடுக்க வேண்டியதில்லை. பெஞ்சில் மூன்றாவது முற்றிலும் தோற்றது. இரண்டாவது வரம்பின் விளிம்பில் நின்றது. மற்ற இரண்டும் வரம்புக்குள் வசதியாகவே இருந்தன. இரண்டை மட்டும் ரீகண்டிஷன் செய்தோம்.

உயரழுத்த பம்பைத் தொடவில்லை. இன்ஜெக்டர் கசிவு தீர்ந்தும் அழுத்தம் எட்டாவிட்டால் மட்டுமே பம்ப் என்ற வரிசை சரியானது. பம்ப் வேலை இன்ஜெக்டர் வேலையைவிடக் கூடிய செலவு. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மீட்டரிங் வால்வைக் கழற்றும்போது அதன் வலையிலோ, ஃபில்டர் கிண்ணத்தின் அடியிலோ பளபளக்கும் உலோகத் துகள் தெரிந்தால், பம்ப் உள்ளுக்குள் அரைபடுகிறது என்று பொருள். அந்த நிலையில் இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் புதிய இன்ஜெக்டரும் அதே துகளைத் தின்று சில வாரங்களில் கெடும். பம்ப், ரெயில், பைப்புகள், இன்ஜெக்டர்கள், டேங்க் என்று முழுப் பாதையையும் பார்த்தாக வேண்டும். எங்கள் ஃபில்டர் கிண்ணத்தில் உலோகம் இல்லை. ஒரு தேக்கரண்டித் தண்ணீரும் செந்நிறத் துருவும் இருந்தன. மூன்றாம் இன்ஜெக்டர் தேய்ந்ததற்கு அதுவே காரணம் என்று கடைக்காரர் சொன்னார். நானும் நம்புகிறேன், ஏனென்றால் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகை நாங்கள் மாதக்கணக்கில் திறந்ததில்லை. டேங்கை இறக்கிக் கழுவி உலரவைத்து மாட்டினோம். இந்த வேலையைத் தவிர்த்திருந்தால் ரீகண்டிஷனுக்குக் கொடுத்த பணம் வீண்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீட்டில் பாதி தேவையில்லை. அங்கே காற்று நுழைவு, பலமிழந்த ஃபீட் பம்ப், ஐடில் திருகு, சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்று வரிசை குறுகியது. ஆனால் திருகை ஏற்றி ஐடிலை உயர்த்துவது காற்று நுழைவு இல்லையென்று உறுதிசெய்த பிறகுதான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 மாசு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் புகைபோக்கிப் பக்கமும் பல சென்சார்கள் வந்துவிட்டதால், ஸ்கேனர் இல்லாமல் இ.ஜி.ஆர். வால்வைத் தொடுவதையே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலை முடிந்த அன்று மாலை, கடைக்காரர் கேட்காமலேயே நான்கு பாட்டில்களையும் மறுபடி மாட்டினார். அதற்கு முன்பே வண்டி நன்றாகச் சூடேறக் காரமடை வரை ஓட்டிவந்திருந்தோம்; மாட்டியதும் ஐடிலில் விட்டுப் பார்த்தோம். நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றது; முதலாவதில் மட்டும் ஒரு நூல் அதிகம். அந்த அளவை ஸ்கெட்ச் பேனாவால் பாட்டிலிலேயே கோடு போட்டுக் கொடுத்தார். ரீகண்டிஷன் செய்யாமல் விட்ட இரண்டுக்கும் அந்தக் கோடுதான் இனி அளவுகோல். 40,000 கிலோமீட்டர் ஓடியதும் அதே பாட்டில்களை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போவதாக இருக்கிறோம்.